மிச்சப் புரதம் எங்கே போகிறது?



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். மகன் ஜிம்முக்குப் போகிறானாம். மாதம் 4000 ரூபாய்க்குப் புரதப் பவுடர் கேட்கிறானாம். அவர் குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை. "சார், பருப்பு, முட்டை நிறைய சாப்பிட்டா மிச்சம் சதையில போய்ச் சேரும்னு நீங்கதானே வகுப்புல சொன்னீங்க? அதான் வாங்கிக் கொடுத்துட்டு இருக்கேன்" என்றார்.

சொன்னேன்தான். பல வருஷம் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு.

புரதத்தைப் பற்றித் தப்பாகச் சொன்னவர்களில் என்னைவிடப் பெரிய ஆசிரியர் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் புகழ்பெற்ற வேதியியலாளர் யுஸ்டஸ் லீபிக். தசை உழைக்கும்போது தன் புரதத்தையே எரிக்கிறது, சாப்பிடும் புரதம் அதை ஈடுகட்டுகிறது என்று 1842-இல் எழுதினார். மாவும் கொழுப்பும் உடம்புக்குச் சூடு தர மட்டுமே என்றார். சொன்னவர் லீபிக் என்பதால் ஐரோப்பாவில் பெரும்பாலோர் நம்பினார்கள்.

சூரிச்சில் இரண்டு பேராசிரியர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவர் உடலியங்கியல் படித்த அடோல்ஃப் ஃபிக், மற்றவர் வேதியியல் படித்த யோஹன்னஸ் விஸ்லிசேனுஸ். புரதம் எரிந்தால் அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவாகிச் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். அதை அளந்தால் எவ்வளவு புரதம் எரிந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். எனவே 1865 ஆகஸ்டில், பிரியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபால்ஹார்ன் மலைக்கு ஏறினார்கள். சுமார் 2000 மீட்டர் செங்குத்து உயரம். முந்தைய நாள் மதியத்திலிருந்தே புரதத்தை நிறுத்திவிட்டார்கள். கொழுப்பில் பொரித்த மாவுப் பணியாரமும் சர்க்கரை போட்ட தேநீரும்தான் முக்கியச் சாப்பாடு. சிறுநீரைச் சொட்டு விடாமல் சேகரித்தபடியே ஏறினார்கள். (இரண்டு பேராசிரியர்கள் பாட்டிலும் கையுமாக ஆல்ப்ஸ் மலை ஏறியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.)

கணக்கு வந்தது. ஆளுக்குச் சுமார் 37 கிராம் புரதமே எரிந்திருந்தது. ஃபிக் 66 கிலோ எடை. அந்த உடம்பைத் தூக்கிச் செல்லவே 1,29,000 கிலோகிராம்-மீட்டர் வேலை ஆகியிருந்தது. எட்வர்ட் ஃப்ராங்க்லாண்ட் என்பவர் 1866-இல் புரதம் எரிந்தால் எவ்வளவு ஆற்றல் வரும் என்று அளந்து சொன்னார். 37 கிராமிலிருந்து கிடைப்பது அந்த வேலையில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் வரும். அதுவும் ஆற்றல் முழுதும் வேலையாக மாறியது என்று தாராளமாக வைத்துக்கொண்டால். மீதியை மாவும் கொழுப்பும்தான் தந்திருக்க வேண்டும். லீபிக்கின் வாதம் அங்கேயே ஆட்டம் கண்டது.

யூரியா எப்படி உருவாகிறது என்பதை 1932-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் ஹன்ஸ் கிரெப்ஸும், கூட இருந்த மாணவர் கூர்ட் ஹென்செலைட்டும் எலியின் கல்லீரல் துண்டுகளை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருஷமே யூதர் என்று கிரெப்ஸை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

சரி, மிச்சப் புரதம்? கொழுப்புக்குத் தோலடியில் இடம் உண்டு. மாவுச்சத்துக்குக் கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் இடம் உண்டு. புரதத்துக்கு அப்படித் தனிக் கிடங்கு கிடையாது. தசையில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், கிடங்குச் சரக்கு அல்ல. பட்டினி கிடந்தால் உடம்பு அதையும் பிய்த்துத் தின்னும், அது வேறு கதை. தேவைக்கு மேல் வந்த அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜனைக் கல்லீரல் பிரித்து யூரியாவாக்குகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. எஞ்சிய கரிமப் பகுதி எரிபொருளாகும், அல்லது சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறும். தசை வளர்வது பளு தூக்குவதால். அதற்குப் போதிய புரதம் வேண்டும். போதியதற்கு மேல் கொட்டுவதால் தசை கூடாது.

இதையெல்லாம் அந்த மாணவரிடம் சொன்னேன். பளு தூக்கும் பையனுக்கு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் புரதம் வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அதைப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிரிலேயே ஈடுகட்டலாம். பவுடர் வசதிதானே தவிர மந்திரம் இல்லை. வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே வேண்டாம். "அப்போ இவ்வளவு நாள் காசு?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல?

பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களிடம் அந்தப் பழைய அறிவியல் நோட்டு இன்னும் இருந்தால், "மிகுதிப் புரதம் தசையில் சேமிக்கப்படுகிறது" என்ற வரியை அடித்துவிடுங்கள். அன்று சிவப்பு மையில் டிக் போட்டது நான்தான்.