பாட்டியோட தெலுங்கும் கரிசல் காடும்

இந்த வார எபிசோட் ஒரு போன் காலில் ஆரம்பிக்குது.

ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்டு ஹைதராபாத் பையன். சங்கரன்கோவிலில் இருக்கிற பாட்டிகிட்ட பேசிட்டு நான் போனை வச்சதும், "இப்ப என்ன மொழி பேசின?"ன்னு கேட்டான். தெலுங்குன்னு சொன்னேன். கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டான். இன்னொரு தடவை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். பத்து வார்த்தைக்கு மூணு வார்த்தைதான் அவனுக்குப் பிடிபட்டுச்சு. எங்க வீட்டுத் தெலுங்குக்கு எழுத்து கிடையாது. மாடு, சோளம், சண்டை இதுக்கெல்லாம் தெலுங்கு. பத்திரம், பள்ளிக்கூடம், சாமி கும்பிடுறது இதுக்கெல்லாம் தமிழ். நான் படிச்ச ஸ்கூலில் கிரிக்கெட்ல அவுட் தகராறு வந்தா பசங்க முதல்ல எடுக்கிற ஆயுதம், "நீ தெலுங்கன்தானல, உங்க ஊருக்குப் போல". எந்த ஊருக்குன்னு எனக்கும் தெரியாது, சொன்னவனுக்கும் தெரியாது.

அந்தக் கேள்வியைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப் போறோம். கரிசல் பூமிக்கு வந்து காடு வெட்டி விவசாயம் பண்ணின தெலுங்குக் குடும்பங்கள் யாரு, ஏன் வந்தாங்க, வந்தப்ப இங்க யாரு இருந்தாங்க?

நடுவுல ஒரு சின்னச் சுத்து. மன்னிச்சுக்கோங்க, காரணம் இருக்கு.

19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டோட ஆரம்பத்திலுமா டென்மார்க்கில் இருந்து சுமார் 3 லட்சம் பேர் கிளம்பிப் போனாங்க. பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. நிலம் இல்லாத, இல்லைன்னா அண்ணன் தம்பி பங்கு பிரிச்சு ஒண்ணும் மிஞ்சாத விவசாயக் குடும்பங்கள் இதில் நிறைய. 1862ல அமெரிக்கா ஹோம்ஸ்டெட் சட்டம்னு ஒண்ணு போட்டுச்சு. 160 ஏக்கர் எடுத்துக்கோ, அஞ்சு வருஷம் அங்கயே குடியிருந்து உழு, நிலம் உன்னது. அப்படிப் போனவங்க 1871ல நெப்ராஸ்காவில் ஒரு ஊரையே உருவாக்கி, தங்கள் தேசியக்கொடியோட பேரை வச்சாங்க: டான்னெப்ராக். மரமே இல்லாத புல்வெளி. அதனால புல்லோட மண்ணை வெட்டி எடுத்து அதையே செங்கல் மாதிரி அடுக்கி வீடு கட்டினாங்க. அந்தக் குடும்பங்களைப் பத்தி நமக்கு நல்லாத் தெரியும். ஏன்னா ரெக்கார்ட் இருக்கு. யாரு எந்தத் தேதியில் மனு போட்டான், எத்தனை ஏக்கர் உழுதான், எல்லாம் ஆபீஸ் பேப்பரில் இருக்கு. சர்ச் பதிவேடு இருக்கு. ஊருக்கு எழுதின கடிதம் இருக்கு. நம்ம பாஷையில் சொன்னா, முழு கமிட் ஹிஸ்டரியும் இருக்கு.

எங்க ஆளுங்களுக்கு அது இல்ல. கதை மட்டும்தான்.

அந்தக் கதையைக் கேட்டு எழுதி வச்சவர் கி. ராஜநாராயணன். கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர். 1923ல பிறந்தவர், ஏழாம் வகுப்போட படிப்பு முடிஞ்சுது. பாதி வாழ்க்கைக்கும் மேல அந்த ஊரிலேயே விவசாயம் பார்த்தார். விவசாயிகள் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். பக்கத்து வீட்டு சிநேகிதன் யாருன்னு பார்த்தா கு. அழகிரிசாமி, அவரும் 1923தான். ஒரே சின்ன ஊர், ஒரே வருஷம், ரெண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி. அந்த ஊர்த் தண்ணியைக் கொஞ்சம் பாட்டில் பண்ணி விக்கலாம்.

1976ல கி.ரா.வோட 'கோபல்ல கிராமம்' புத்தகமா வந்துச்சு. தெலுங்கு தேசத்தில் சென்னாதேவின்னு அழகான பொண்ணு. அவளை அந்த ராஜா கேக்கிறான். கொடுக்க மனசில்லாத குடும்பம் ராத்திரியோட ராத்திரியா தெற்கே கிளம்புது. பின்னாடி துரத்திட்டு வர்றாங்க, முன்னாடி ஆறு. அக்கரையில் நிக்கிற மரம் வளைஞ்சு வந்து இவங்களைத் தூக்கிவிடுது. அப்புறம் நடை, நடை, நடை. கடைசியா யாரும் உழாத ஒரு காட்டுக்கு வந்து, தீ வச்சு அழிச்சு, ஊர் உண்டாக்குறாங்க. இதையெல்லாம் சொல்றது மங்கத்தாயாரு அம்மாள்னு ஒரு கிழவி.

சின்ன வயசுல இதே கதையை எங்க வீட்டுலயும் கேட்டிருக்கேன். ராஜா, பொண்ணு, ஆறு, மரம். அதனால ரொம்ப நாள் இதை எங்க குடும்ப வரலாறுன்னே நம்பிட்டிருந்தேன். அப்புறம் 1909ல வந்த எட்கர் தர்ஸ்டனோட தொகுதிகளைப் புரட்டினா, கம்பளத்து நாயக்கர்கள் பத்தின பகுதியிலயும் அதே கதை. அங்க புங்கமரம் ரெண்டு, ரெண்டு கரையில் இருந்தும் வளைஞ்சு பாலமாகுது. பொண்ணு கேட்ட ராஜாவுக்குப் பயந்து ஊரை விட்ட கதை நகரத்தார்கிட்ட கூட இருக்கு, அதில் ராஜா சோழன். ஒரே டெம்ப்ளேட், வேரியபிள் மட்டும் மாறுது.

அப்போ இது பொய்யா? எனக்கு அப்படித் தோணல. ஊரை விட்டு வந்ததுக்கு ஒரு கௌரவமான காரணம் வேணும். "அங்க பொழைப்பு சரியில்ல, இங்க நிலம் கிடைக்குதுன்னு சொன்னாங்க, வந்தோம்"னு எந்தப் பாட்டியும் பேரப்பிள்ளைகிட்ட சொல்ல மாட்டா. நானும் பெங்களூருக்கு வேலைக்குப் போனதை "புதுச் சவால்களைத் தேடி"ன்னுதான் ப்ரொஃபைலில் எழுதியிருக்கேன்.

ஆவணங்கள் வழியா பார்த்தா படம் கொஞ்சம் வேற. இது ஒரே ராத்திரிப் பயணம் இல்ல, சில நூற்றாண்டு நடந்த நகர்வு. 14ஆம் நூற்றாண்டில் விஜயநகரப் படை மதுரைக்கு வருது. 1529 வாக்கில் விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சிக்கு வர்றார். அரியநாத முதலியாரோட சேர்ந்து நாட்டை 72 பாளையங்களாகப் பிரிச்சார்னு சொல்றாங்க. படையோட சிப்பாய் வந்தான், சிப்பாயோட சொந்தக்காரன் வந்தான், அவன் மாட்டோட வந்தான்.

ஆனா தாமிரபரணிக் கரை நஞ்சை ஏற்கெனவே நிரம்பியிருச்சு. அங்க பிராமணர்களும் வேளாளர்களும் நூற்றாண்டுகளா உட்கார்ந்திருக்காங்க. மேற்கே மலை ஓரத்தில் மறவர் பாளையங்கள். புலித்தேவனோட நெற்கட்டும்செவல் எங்க ஊருக்குப் பக்கம்தான். மிச்சம் இருந்தது நடுவுல, கிழக்கே விரிஞ்சு கிடந்த கறுப்பு மண். குருவிகுளம், இளையரசனேந்தல், எட்டயபுரம் எல்லாம் அந்தப் பக்கம் எழுந்த தெலுங்குப் பாளையங்கள்.

இங்கதான் டேவிட் லடன் எழுதின திருநெல்வேலி விவசாயிகள் வரலாறு எனக்கு உதவிச்சு. 1985ல வந்த புத்தகம். அவர் சொல்றதோட சாரம்: ஆத்துப் பாசனத்தில் கைதேர்ந்தவனுக்குக் கரிசல் ஒரு தலைவலி, தக்காணத்துக் கறுப்பு மண்ணில் பழகினவனுக்கு அது வாய்ப்பு. கரிசலை மிதிச்சவங்களுக்குப் புரியும். கோடையில் கை நுழையற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும். மழை பெய்ஞ்சா காலில் அப்பி ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒரு கிலோ கூடும். காஞ்சாலும் உழ முடியாது, நனைஞ்சாலும் உழ முடியாது. நடுவுல பதம்னு கொஞ்ச நாள் இருக்கு, அதுக்குள்ள ஏர் இறங்கணும். ஆனா அந்த மண் ஒரு நல்ல மழையைக் குடிச்சுட்டா விடாது. அந்த ஈரத்தை வச்சே பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம் வந்திரும். கிழக்கே வடகிழக்குப் பருவமழை மட்டும்தான் கதி. அந்த மழை பொய்ச்சா வருஷமே போச்சு.

ஒரு வார்த்தையைக் கவனிங்க. எங்க பக்கம் வயலுக்குப் போறேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "காட்டுக்குப் போறேன்"னுதான். பருத்திக் காடு, உளுந்தங் காடு. ஒரு மரம் கூட இல்லாத உழுத நிலத்துக்குப் பேரு காடு. சென்னைக்கு வந்த புதுசுல ஹாஸ்டலில் "அப்பா காட்டுக்குப் போயிருக்கார்"னு சொல்லி நான் பட்ட பாடு தனிக்கதை.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துற இடம் ஒண்ணு உண்டு. "யாரும் இல்லாத காடு". நெப்ராஸ்காவிலும் டேனிஷ் குடும்பங்கள் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா அந்தப் பகுதி பாவ்னி மக்களோட நிலம். அவங்களை 1870களில் இன்னைக்கு ஒக்லஹோமான்னு சொல்ற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. சட்டம் "காலி"ன்னு சொன்ன நிலம் காலி ஆக்கப்பட்ட நிலம்.

இங்க அந்த அளவுக்குப் போச்சுன்னு நான் சொல்லல. ஆனா கோவில்பட்டியில் இருந்து சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினா நடுவுல கழுகுமலை வருது. பாறையில் வரிசை வரிசையா சமணச் சிற்பங்கள், மேல இருந்து கீழ குடைஞ்ச வெட்டுவான் கோவில், பாண்டியர் காலம், 8ஆம் நூற்றாண்டு. தெலுங்குக் குடும்பங்கள் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடி அங்க உளி சத்தம் கேட்டிருக்கு. அந்தச் சிற்பிக்கு யாரோ சோறு போட்டிருக்காங்க, அந்தச் சோத்துக்கு யாரோ உழுதிருக்காங்க.

வந்தவங்களிலும் எல்லாரும் கதைக்குள்ள வரல. கிணத்துத் தண்ணியை இறைக்கிற கமலைக்குத் தோல் சால் வேணும். அதைத் தைக்கிற அருந்ததியர் குடும்பங்களும் தெலுங்கு பேசுறவங்கதான். தோல் இல்லாம சால் இல்ல, சால் இல்லாம கோடையில் ஒரு வாய் தோட்டப்பயிர் இல்ல. ஆனா அவங்களுக்காக எந்த ஆத்தங்கரையிலும் மரம் வளைஞ்சதா எங்க வீட்டில் கேட்டதில்ல. 'கோபல்ல கிராமம்' எனக்கு ரொம்பப் பிடிச்ச புத்தகம். அதிலும் ஊரை நாம கோட்டையார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் பார்க்கிறோம். கழனியில் குனிஞ்சவங்க பக்கத்தில் இருந்து அதே ஊரைப் பார்த்தா வேற புத்தகம் வரும்.

அப்புறம் பருத்தி. இதை வேகமா சொல்லிடறேன். ஹோம்ஸ்டெட் சட்டம் போட்ட அதே 1862ல அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடக்குது. அந்த நாட்டுப் பருத்தி வராம இங்கிலாந்து மில்லுங்க தவிக்குது, இந்தியப் பருத்தி விலை எகிறுது. எங்க பக்கத்துப் பருத்திக்கு வியாபாரப் பேரே 'டின்னெவெலி'. 1876ல தூத்துக்குடி ரயில் கோவில்பட்டி வழியா வந்திருச்சு. அதே வருஷம் தாது வருஷப் பஞ்சமும் ஆரம்பிச்சுது. மூட்டை ஏத்தின அதே ஸ்டேஷன் வழியா ஜனங்களும் தூத்துக்குடிக்கும் அங்கிருந்து இலங்கைக்கும் பிழைக்கப் போனாங்க.

1976ல இன்னொண்ணும் நடந்துச்சு. அயோவா மாநிலத்தில் எல்க் ஹார்ன்னு ஒரு டேனிஷ் ஊர். அந்த ஊர்க்காரங்க டென்மார்க்கில் 1848ல கட்டின காத்தாடி ஆலை ஒண்ணை வாங்கி, பிரிச்சு, கப்பலில் கொண்டுவந்து, ஊர் நடுவுல திரும்ப மாட்டினாங்க. எங்க ஆளுங்க அதே வருஷம் ஒரு நாவலை மாட்டினாங்க. கூடுதல் தகவல்: 1990 வாக்கில் டென்மார்க் அரசு உதவியோட கயத்தாறு கரிசலில் காத்தாலை நட்டாங்க. இப்போ சங்கரன்கோவில் பக்கம் எங்க திரும்பினாலும் ரெக்கைதான் சுத்துது.

கி.ரா. 1989ல புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டார் வழக்காற்றியல் சொல்லிக் கொடுக்கப் போனார். ஏழாவது படிச்ச பேராசிரியர். 1991ல 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு சாகித்ய அகாதமி. 2021 மே 17ல புதுச்சேரியில் இறந்தார். இடைசெவலுக்குக் கொண்டுவந்து, அரசு மரியாதையோட அந்த மண்ணில் அடக்கம் பண்ணினாங்க.

இந்த எபிசோடுக்காகப் போன ஆடித்தபசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கோமதியம்மன் சப்பரத்து மேல விவசாயிங்க அவங்க காட்டில் விளைஞ்ச பருத்தியையும் வத்தலையும் வீசுற கூட்டத்தில், பாட்டி ஒரு கைப்பிடிப் பருத்தியைச் சேலை முந்தியில் முடிஞ்சு வச்சிருந்தா. வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டரை ஆன் பண்ணிக் கேட்டேன்: "பாட்டி, நம்ம பூர்வீகம் எது?"

கிருஷ்ணா நதி, விஜயநகரம்னு ஏதாவது வரும்னு காத்துட்டிருந்தேன். பாட்டி யோசிக்காம, கழுகுமலை ரோட்டில் எட்டு மைலில் இருக்கிற அவ பிறந்த ஊர்ப் பேரைச் சொன்னா. "அங்க தண்ணி உப்பு, அதான் உங்க தாத்தாவுக்குக் கட்டிக் கொடுத்தாங்க"ன்னா. தெலுங்கில்தான் சொன்னா.