வாவிக் கரையின் நிறுவல் மரபு

மட்டக்களப்பில் விபுலாநந்த அடிகளை நினைவுகூரும் மேடைகளில் முத்தமிழ் வித்தகர் என்ற பட்டமே முன்னுக்கு நிற்கிறது. அவர் ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது. 1892இல் காரைதீவில் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற அடிகள், மயில்வாகனனார் என்ற இயற்பெயரோடு, துறவு பூணும் முன் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் அவர் முயற்சியால் எழுந்தது. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1938இல் அந்தக் கலைச்சொற்கள் நூலாக வந்தன. இன்று வாவிக் கரையில் உயர்தர மாணவர் ஒருவர் சிக்கலெண் சர்வசமன்பாட்டைத் தமிழிலேயே நிறுவுகிறார் என்றால், அதற்கு இந்த வரலாற்றில் வேர் உண்டு.

அந்த நிறுவலில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு சிக்கலெண்ணை, அதன் கற்பனைப் பகுதியின் குறியை மாற்றினால் வரும் உடன்புணரியால் பெருக்கினால் மட்டின் வர்க்கம், அதாவது மெய், கற்பனைப் பகுதிகளுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை, கிடைக்கும். இதைப் பிடித்துக்கொண்டால், பெருக்கத்தின் மட்டு மட்டுகளின் பெருக்கமே என்பது இரண்டே வரியில் முடியும்: பெருக்கத்தை அதன் உடன்புணரியால் பெருக்கி, காரணிகளைச் சோடி சேர்த்தால் போதும். 628இல் பிரம்மகுப்தர் தந்த விதியிலேயே இதன் எண் வடிவம் அடங்கியிருக்கிறது. 2, 1 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 5. 3, 2 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 13. இரண்டின் பெருக்கம் 65; அது 4, 7 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 8, 1 ஆகியவற்றுக்கும் அதுவே. ஏன் இரண்டு விடை? உரிய சிக்கலெண்களை நேரே பெருக்கினால் முதல் சோடி. ஒன்றுக்குப் பதில் அதன் உடன்புணரியை வைத்துப் பெருக்கினால் இரண்டாவது. மட்டு மாறாததால் 65உம் மாறவில்லை. மெய், கற்பனை எனப் பிரித்து விரித்தாலும் சமன்பாடு சரிவரும்; சமம் என்று தெரியும், ஏன் சமம் என்று தெரியாது.

அடிகளின் இசை ஆய்வான யாழ் நூலில் சிக்கலெண் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இல்லைதான். 1947இல் வெளிவந்த அந்நூல் சுரங்களின் விகிதங்களைப் பின்னங்களில் கணக்கிடுகிறது. அதற்குச் சிக்கலெண் தேவைப்படவில்லை. கணிதர் கோஷி 1821இல் தம் பாடநூலில் முறைப்படுத்திய உடன்புணரியை அடிகள் இங்கு கொண்டுவந்தார் என்றால் அது பொய். அவர் விட்டுச்சென்றது வேறு. சிலப்பதிகார அரங்கேற்று காதையின் இசைச் செய்திகளை, உரைகாரர் சொன்னார் என்பதோடு விடாமல், கணக்கிட்டுச் சரிபார்த்தார். அந்தச் சரிபார்ப்பின் காரணங்களைத் தமிழ் உரைநடையில் படிப்படியாக வைத்தார். தமிழ்மொழிக் கல்வி அரசின் கொள்கையால் வந்தது, தனி மனிதரால் அன்று என்பாரும் உண்டு. 1940களின் கல்விச் சீர்திருத்தம் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் சட்டம் பாடமொழியை மாற்றலாம்; அம்மொழியில் விஞ்ஞானம் எழுதும் பழக்கத்தை அது தந்துவிடாது.

இன்னொரு மறுப்பு வலுவானது. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தில் விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அப்படியிருக்கப் பள்ளியில் தமிழில் நிறுவி என்ன பயன்? மொழி மாறும்போது புதிதாகக் கற்கவேண்டியவை பெயர்கள், காரணத்தொடர் மாறுவதில்லை. காரணம் பிடிபட்ட மாணவர் பெயர்களைச் சில மாதங்களில் பழகிக்கொள்வார். விரித்துச் சரிபார்க்க மட்டும் பழகியவருக்கு எந்த மொழியிலும் நிறுவல் மனப்பாடமே. ஆகவே மட்டக்களப்பின் கணித ஆசிரியர்கள் உடன்புணரி வழி நிறுவலை முதலில் கற்பிக்கட்டும். விரித்தெழுதுவதைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். விபுலாநந்தருக்குச் சிலை வைப்பதைவிட இது அவருக்குப் பொருத்தமான மரியாதை.