நோன்பு: ஒரு வழக்கமும் பல சொற்களும்

சமய நோக்கில் உணவை விலக்குதல் உலகச் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான வழக்கமாகும். எனினும் அதனைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றை நோக்கின், ஒவ்வொரு மொழியும் அவ்வழக்கத்தின் வெவ்வேறு கூறுக்குப் பெயரிட்டிருப்பது புலனாகும். மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

வடமொழியின் ‘உபவாசம்’ அருகில் தங்குதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. வேத வழக்கில் ‘உபவசத’ என்பது சோம வேள்விக்கு முந்தைய நாளைக் குறித்தது. இச்சொல் பாலியில் ‘உபோசத’ எனத் திரிந்து பௌத்தரின் நோன்புநாளுக்குப் பெயராயிற்று. சிங்களத்தின் ‘போயா’ அதன் வழிவந்ததே. அரபியின் ‘சவ்ம்’, எபிரேயத்தின் ‘சோம்’ ஆகியன ஒரே செமிட்டிய வேரின. அரபியில் அதன் அடிப்படைப் பொருள் விலகி நிற்றல். ‘விரதம்’ என்பதோ உறுதிமொழியை முதன்மைப்படுத்துகிறது.

தமிழ் ‘நோன்பு’ பொறுத்தல் என்னும் பொருளுடைய ‘நோல்’, ‘நோன்’ ஆகிய அடிகளோடு தொடர்புடையது. ‘நோன்மை’ வலிமையையும் பொறையையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘ஃபாஸ்ட்’ என்னும் சொல்லும் உறுதியைக் குறிக்கும் செருமானிய வேரிலிருந்து தோன்றியதே. இனத்தொடர்பற்ற இருமொழிகள் ஒத்த பொருள்வழியில் சென்றிருப்பது குறிப்பிடத்தக்கது. திருக்குறளின் 27ஆம் அதிகாரம், உற்ற துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையையும் தவத்தின் வடிவமாகக் கூறுகிறது. அவ்வரையறையில் உணவு விலக்கல் இடம்பெறவில்லை.

இவ்விரிந்த பொருளே பிற்காலத்தில் பயன்பட்டது. தமிழ் முசுலிம்கள் ‘சவ்ம்’ என்பதை ‘நோன்பு’ என்றே வழங்குகின்றனர். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் 26ஆம் வசனத்தில், மர்யம் எவரோடும் பேசாதிருப்பதையே ‘சவ்ம்’ என்னும் சொல் குறிக்கிறது. அங்கு ‘உபவாசம்’ எனப் பெயர்த்தால் உணவு விலக்கல் என்னும் பிழையான பொருள் தோன்றும்; ‘நோன்பு’ பொருந்தும்.

ஆயினும் ‘நோன்பு’ எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவேளை மட்டும் முழுஉணவு கொள்ளுதலை ‘ஒருசந்தி’ என்றும், புலால் தவிர்த்தலைச் ‘சுத்தபோசனம்’ என்றும் பிரித்து வழங்குவர். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது. வெள்ளிக்கிழமைகளுக்குரியது புலால் தவிர்த்தல். திருநீற்றுப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும் இரண்டும் உரியன. இவற்றை ‘நோன்பு’ என்னும் ஒரே சொல்லால் பெயர்த்தால் சட்டத்தின் பொருளே மாறிவிடும்.

ஆகவே, வழக்கம் பொதுவாயினும் சொல் பொதுவாதல் இல்லை. மூலம் அவ்வழக்கத்தின் எக்கூற்றைச் சுட்டுகிறது என்பதைத் தெளிந்த பின்னரே தமிழ்ச் சொல்லைத் தேர்தல் வேண்டும்.