திருத்தப்படாத நாயகன்: ‘நெப்போலியன் டைனமைட்’ படத்தின் ஈர்ப்பு

1. ஆய்வுப் பொருள்

அமெரிக்கப் பள்ளி நகைச்சுவைப் படங்களில், கூட்டத்தோடு ஒட்டாத மாணவர் பழைய பாத்திரம். படம் முடிவதற்குள் அவரைச் சீர்செய்துவிடுவதும் பழைய வழக்கம். ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ (1985) படத்தில் ஒதுங்கிக் கிடக்கும் அலிசனுக்குச் சக மாணவி ஒப்பனை செய்துவிட்ட பிறகே மல்யுத்த வீரன் மயங்குகிறான். ‘ஷீ இஸ் ஆல் தட்’ (1999) படத்துக்கு இந்த உருமாற்றமே கதை. ஜாரெட் ஹெஸ் இயக்கி, மனைவி ஜெருஷாவுடன் எழுதிய ‘நெப்போலியன் டைனமைட்’ (2004) தன் நாயகனைத் திருத்த மறுத்தது. அதன் ஈர்ப்பு அந்த மறுப்பில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

2. களம்

ஐடஹோ மாநிலத்துச் சிற்றூரான பிரெஸ்டனில், சுமார் 4 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் இது. வசூல் 4 கோடி டாலரைத் தாண்டியது.

3. நாயகனும் கேமராவும்

ஜான் ஹீடர் நடித்த நெப்போலியன் அரைக்கண் மூடி, வாய் பிளந்து நிற்பவன். சிங்கமும் புலியும் கலந்த ‘லைகர்’ விலங்கை வரைகிறான். அலாஸ்காவில் வேட்டையாடியதாகப் புளுகுகிறான். மதிய உணவின் உருளைக்கிழங்கு உருண்டைகளைக் கால்சட்டைப் பைக்குள் பதுக்கி வகுப்பில் தின்கிறான். அவன்மீது இரக்கம் சுரக்கப் படம் எதையும் செய்வதில்லை. கேமரா பெரும்பாலும் நேரெதிரே அசையாமல் நிற்கிறது. பதில் வராத சில நொடிகளையும் வெட்டாமல் காட்டுகிறது. எங்கே சிரிப்பது, எங்கே வருந்துவது என்று யாரும் சொல்லித் தராததால் அந்தப் பொறுப்பு பார்வையாளர் தலையில் விழுகிறது. பள்ளியில் தனித்து நின்றவர்களுக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும்.

4. நடனம்

நண்பன் பெட்ரோ மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கிறான். அவனுக்காக நெப்போலியன் மேடையேறி, ஜாமிரோக்வாய் குழுவின் பாட்டுக்கு ஆடுகிறான். வீடியோ கேசட் பார்த்துத் தனியறையில் பழகிய ஆட்டம் அது. காலில் அதே பழைய பூட்ஸ். ஆடி முடித்ததும் கைதட்டலுக்குக் காத்திராமல் ஓடிவிடுகிறான். பெட்ரோ வெல்கிறான், நெப்போலியன் பள்ளியின் செல்லப்பிள்ளை ஆவதில்லை. கயிற்றுப் பந்தாட அவனோடு சேர டெப் என்ற ஒருத்தி வருகிறாள். இதைவிட நேர்மையான வெற்றியை இவ்வகைப் படங்களில் நான் கண்டதில்லை.

5. எதிர்வாதம்

திரைப்பட விமர்சகர் ரோஜர் எபர்ட் இப்படத்துக்கு ஒன்றரை நட்சத்திரமே தந்தார். நெட்ஃபிளிக்ஸ் 2006இல் தன் பரிந்துரை முறையை மேம்படுத்துவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தபோது, ஒருவர் இப்படத்துக்கு என்ன மதிப்பெண் தருவார் எனக் கணிக்க முடியாமல் போட்டியாளர்கள் திணறினர். வழிகாட்டாத படத்துக்கு இது இயல்பான விளைவு.

நாட்டுப்புறத்தைக் கேலி செய்யும் படம் என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க இயலாது. ஹெஸ் வளர்ந்த ஊரே பிரெஸ்டன்தான். 2005இல் ஐடஹோ சட்டமன்றம் ஹெஸ் தம்பதியைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது.