கிறிஸ்துமஸ் விடுமுறையும் கேளிக்கைப் பூங்காவும்



அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தில், தென்கோடியில், சாண்டா கிளாஸ் என்று ஓர் ஊர் உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பெயரே ஊரின் பெயர். 1850-களில் அவ்வூரார் தம் ஊருக்குச் சாண்டா ஃபே என்று பெயரிட விரும்பினர். அதே மாநிலத்தில் அப்பெயர் தாங்கிய ஊர் முன்பே இருந்தமையால், அஞ்சல் துறை அதனை ஏற்க மறுத்தது. வேறு பெயர் தேடிய ஊரார் சாண்டா கிளாஸ் என்பதைத் தேர்ந்தனர். 1856-இல் அஞ்சல் துறையும் அதற்கு இசைந்தது. ஒரு பெயரால் ஓர் ஊருக்கு என்னென்ன விளையும் என்பதை அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார். நாளடைவில் நாடெங்குமுள்ள குழந்தைகள் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு எழுதிய கடிதங்கள் அவ்வூர் அஞ்சல் நிலையத்தில் வந்து குவியலாயின. 1914 முதல் அங்கிருந்த அஞ்சல் அதிகாரி அவற்றிற்கு மறுமொழி எழுதத் தொடங்கினார். இன்றும் தொண்டர்கள் அப்பணியைச் செய்து வருகின்றனர்.

அருகிலுள்ள எவான்ஸ்வில் நகரத்துத் தொழிலதிபர் லூயிஸ் கோச் என்பவர் ஒன்பது மக்களைப் பெற்றவர். கிறிஸ்துமஸ் தாத்தாவைக் காணலாம் என்று ஆசையோடு அவ்வூருக்கு வந்த குழந்தைகள், அங்கே தாத்தாவும் இல்லை, பொம்மையும் இல்லை என்று கண்டு வாடித் திரும்புவது அவர் உள்ளத்தை உறுத்தியது. போர் முடிந்த மறு ஆண்டு, 1946 ஆகஸ்டு 3-ஆம் நாள், அவர் அங்கே ‘சாண்டா கிளாஸ் லாண்ட்’ என்னும் பூங்காவைத் திறந்தார். பொம்மைக் கடை, சிறுவர் இரயில், ஆண்டு முழுவதும் செவ்வுடை தரித்து வீற்றிருக்கும் தாத்தா எல்லாம் அங்கே இருந்தன. முதற்சில ஆண்டுகள் நுழைவுக் கட்டணமே இல்லை. ஒரே கருத்தைச் சுற்றி அமைந்த கேளிக்கைப் பூங்காக்களுள் இதுவே உலகில் முதலாவது என்று உரிமை பாராட்டுவோர் உண்டு. 1984-இல் அதன் பெயரும் மாறிற்று. பிற பண்டிகைகளும் அதனுள் புகுந்தன. வேடிக்கை என்னவெனில், கிறிஸ்துமஸை முதலாகக் கொண்டு பிறந்த அப்பூங்கா இக்காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று பூட்டிக் கிடக்கிறது. இந்தியானாவின் பனிக்காலம் அத்தகையது.

குடும்பத்தோடு ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போய்க் கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிப்பது அமெரிக்கரிடையே இன்று பெருவழக்கு. அதற்காகப் பல திங்களுக்கு முன்பே அமர்ந்து திட்டமிடுகிறார்கள். எந்நாள் செல்வது, எங்கே தங்குவது, எந்த ஆட்டத்துக்கு முதலில் ஓடுவது என்று தாளும் எழுதுகோலும் கொண்டு கணக்கிடுகிறார்கள். உலாவி மகிழச் செல்லும் ஓரிடத்துக்கு இத்துணைத் திட்டம் எதற்கு என்று நமக்குத் தோன்றும். அது வந்த வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

பழைய பூங்காக்களுக்குத் திட்டம் வேண்டியிருக்கவில்லை. டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் 1843 ஆகஸ்டு 15-ஆம் நாள் திறக்கப்பட்ட டிவோலிப் பூங்காவைப் பாருங்கள். கியோர்க் கார்ஸ்டன்சன் என்பவர் மன்னர் எட்டாம் கிறிஸ்டியானிடம் இசைவு பெற்று, நகரின் மேற்கு வாயிலுக்கு வெளியே, கோட்டை அரணை ஒட்டிய நிலத்தில் அதை அமைத்தார். இராணுவத்துக்கு உரிய நிலமாகையால், போர் வந்தால் உடனே அகற்றும்படி கட்டடங்களை மரத்தால் எழுப்பினர். பழைய அகழியின் எஞ்சிய பகுதியே இன்று அங்குள்ள குளம். மாலையில் வந்து, இசை கேட்டு, விளக்கொளியில் நடந்து, வீடு திரும்புவர் நகரத்தார். ஊர்நடுவில் உள்ள சோலைக்கு முன்கூட்டியே நாள் குறிப்பார் யார்? அங்கும் நெடுங்காலம் கோடையே பருவம். கிறிஸ்துமஸ் காலத்தில் பூங்காவைத் திறக்கும் வழக்கம் 1994-இல்தான் தொடங்கிற்று.

இந்த டிவோலியை 1951-இல் வந்து பார்த்தவர்களுள் ஒருவர் வால்ட் டிஸ்னி. அதன் தூய்மையும் ஒழுங்கும் அவர் மனத்தைக் கவர்ந்தன. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் தம் பெண்மக்கள் இருவரும் குதிரை ராட்டினம் ஏறிச் சுற்ற, தாம் மட்டும் பெஞ்சியில் அமர்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்ததை அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவு கூர்ந்தார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மகிழத்தக்க இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது என்பார் அவர்.

அவ்வெண்ணம் 1955 ஜூலை 17-ஆம் நாள், அனஹைமில், ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த நிலத்தில், டிஸ்னிலாந்து என்ற உருவம் பெற்றது. முதல் நாள் நடந்த குழப்பம் பெரிது. போலி அழைப்புச் சீட்டுகளோடு ஆயிரக்கணக்கானோர் நுழைந்துவிட்டனர். புதிதாய் இட்ட தார் வெயிலில் இளகி, பெண்டிரின் செருப்புக் குதிகள் அதில் புதைந்தன. குழாய்த் தொழிலாளர் வேலை நிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் நீர் வரவில்லை. ஆயினும் கூட்டம் வந்துகொண்டேயிருந்தது.

அவ்வாண்டின் குளிர்காலம்தான் நம் பொருளுக்கு உரியது. முதல் கிறிஸ்துமஸ் பருவத்துக்கு என்று டிஸ்னி ஒரு சர்க்கஸ் கூடாரம் அடித்தார். 1955 நவம்பரில் தொடங்கிய அக்காட்சி, மறு ஆண்டு சனவரியிலேயே மூட்டை கட்டிற்று. யானையும் கோமாளியும் எந்த ஊரிலும் கிடைப்பவை. டிஸ்னிலாந்தைக் காண வந்தவர்கள் பகலில் இரண்டு மணி நேரத்தைக் கூடாரத்துக்குள் கழிக்க விரும்பவில்லை. இந்தத் தோல்வி சிறியதுதான். ஆனால் அது வெளிப்படுத்திய உண்மை பெரிது. நெடுந்தொலைவு காரோட்டி வந்த குடும்பத்துக்குப் பணத்தைக் காட்டிலும் பகற்பொழுதே அரிய பொருள். குளிர்காலப் பகலோ குறுகியது.

அப்பொழுதைச் செலவிடுவதற்குக் கணக்குப் புத்தகம் போன்ற ஒன்றையும் பூங்காவே கொடுத்தது. தொடக்கத்தில் பெரியவர்க்கு ஒரு டாலர், சிறுவர்க்கு அரை டாலர் நுழைவுக் கட்டணம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே காசு. 1955 அக்டோபரிலேயே சீட்டுப் புத்தகம் வந்துவிட்டது. ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று எழுத்திட்ட சீட்டுகள்; பின்னர் ‘டி’; 1959-இல் ‘ஈ’. ‘ஏ’ சிறு ராட்டினம் போன்றவற்றுக்கு. ‘ஈ’ மலையினின்று பாயும் வண்டி, நீர்மூழ்கிக் கப்பல் முதலிய பேராட்டங்களுக்கு. குடும்பத் தலைவி உணவுமேசையில் சீட்டுகளைப் பரப்பி, யாருக்கு எது என்று பங்கிட வேண்டியதாயிற்று. ‘ஈ’ சீட்டுகள் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். ‘ஏ’ சீட்டுகள் வீட்டு இழுப்பறையில் பல்லாண்டு தங்கிவிடும். 1982-இல் அம்முறை ஒழிந்தது. ஆனால் மிகச் சிறந்த ஒன்றை ‘ஈ சீட்டு’ என்று கூறும் மரபுத்தொடர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது.

கிறிஸ்துமஸ் வாரத்தில் இப்பூங்காக்களில் ஏன் அவ்வளவு நெரிசல் என்று கேட்கலாம். எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வாரத்தில் விடுமுறை என்பது ஒரு காரணம். ஊதியத்தோடு கூடிய விடுமுறை தொழிலாளர்க்கு வேண்டும் என்று பணிக்கும் நடுவணரசுச் சட்டம் அந்நாட்டில் இல்லாமையால், கிடைத்த சில நாட்களைப் பிள்ளைகளின் விடுமுறையோடு பொருத்திக்கொள்ள வேண்டிய நிலை மற்றொரு காரணம். மூன்றாவதை நம்மில் பலர் எண்ணியிரோம். பூங்காவை அமைப்போர், ஆண்டின் மிகப்பெரிய கூட்டத்தை அளவாகக் கொண்டு அதைக் கட்டுவதில்லை. அவ்வாறு கட்டினால் எஞ்சிய நாட்களில் பாதி ராட்டினங்கள் வெறுமையாய்ச் சுற்றும். ஆகவே, நெரிசல் மிக்க நாட்களுள் சற்று இடைப்பட்ட ஒரு நாளை அளவாகக் கொள்கின்றனர். அதற்கு மேற்பட்ட சில நாட்களில் இடம் போதாமற் போகும் என்பது கட்டும்போதே தெரிந்ததுதான். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள் அந்தச் சில நாட்களைச் சேர்ந்தவை. வரிசை நீள்வது வரைபடத்திலேயே உள்ளது. வாயிலில் நின்று காவலரை வைவதில் பயனில்லை.

இதுவரை சொன்னது வாயிலுக்குள் செல்ல உரிமை உள்ளவர்களின் திட்டம். அதே ஆண்டுகளில் வேறு வகைத் திட்டமும் அந்நாட்டில் தேவைப்பட்டது. கறுப்பின மக்கள் காரில் ஏறி வெளியூர் புறப்பட்டால், எந்த விடுதி தங்க இடம் தரும், எந்த உணவகம் உணவு தரும் என்பது தெரியாது. நியூயார்க்கில் ஹார்லம் பகுதியில் வாழ்ந்த விக்டர் கிரீன் என்னும் தபால்காரர், 1936-இல் இதற்கென ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். ‘பசுமைப் புத்தகம்’ என்று வழங்கிய அது, தம் மக்களை இன்முகத்தோடு ஏற்கும் விடுதிகளையும் உணவகங்களையும் ஊர்வாரியாகத் தொகுத்துத் தந்தது. இத்தகைய புத்தகமே வேண்டாத நாள் ஒன்று வரவேண்டும் என்பதையும் அப்புத்தகமே கூறிற்று. அந்நாள் வருமுன், 1960-இல், கிரீன் மறைந்தார்.

கேளிக்கைப் பூங்காக்களின் நிலை இதனினும் கொடிது. 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தம் ஆறு வயது மகளைப் பற்றிய ஒரு செய்தி வருகிறது. அட்லாண்டாவில் இருந்த ‘ஃபன்டவுன்’ என்னும் கேளிக்கைப் பூங்காவின் விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் கண்டு அழைத்துப் போகச் சொல்லும் குழந்தையிடம், கறுப்பினக் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை என்பதை ஒரு தந்தை எவ்வாறு விளக்குவது என்பது அதன் பொருள். காத்திருங்கள் என்று அறிவுரை கூறியோர்க்கு மறுமொழியாக அவர் எழுதியது அக்கடிதம். பேரறிஞர் ஒருவர், நாட்டின் மனச்சான்றை நோக்கி எழுதுகையில், சட்ட நூல்களோடு ஒரு ராட்டினப் பூங்காவையும் சான்றாகக் காட்டினார் என்பதை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. பிற்காலத்தில் அப்பூங்கா எல்லார்க்கும் திறந்தபின் தம் மகளை அங்கே அழைத்துச் சென்றதாகவும் அவர் கூறியிருக்கிறார்.

1964-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிடங்களில் இனவேற்றுமை பாராட்டுவதைத் தடை செய்தது. உடனே எல்லா வாயில்களும் திறந்துவிட்டன என்று எண்ணுதல் தவறு. ஆர்க்கன்சா மாநிலத்தில், லிட்டில் ராக் நகருக்கு அருகே, லேக் நிக்சன் என்னும் பொழுதுபோக்கிடம் ஒன்று இருந்தது. நீந்தலாம், படகு விடலாம், நடனமாடலாம். ‘இது பொதுவிடம் அன்று, உறுப்பினர்க்குரிய தனிக்கழகம்’ என்று அதன் உரிமையாளர் வாதிட்டனர். உறுப்பினர் ஆவதற்குக் கட்டணம் 25 சென்ட். அதைக் கொடுத்த வெள்ளையர் அனைவரும் அந்த நொடியே உறுப்பினர். கறுப்பர்க்கு மட்டும் இடம் நிரம்பிவிடும்! 1969 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வேடத்தைக் களைந்தது. அமர்ந்து காட்சி காணும் இடம் மட்டுமன்று, தாமே விளையாடி மகிழும் இடமும் சட்டத்துள் அடங்கும் கேளிக்கையிடமே என்று தீர்ப்பளித்தது.

அதற்கு ஈராண்டு கழித்து, 1971 அக்டோபர் முதல் நாள், தென்மாநிலமான ஃபுளோரிடாவில் டிஸ்னியின் இரண்டாவது பூங்கா திறந்தது. டிஸ்னி அப்போது உயிரோடு இல்லை. அக்டோபரைத் தேர்ந்ததிலும் ஒரு திட்டம் உண்டு. அது கூட்டம் குறைந்த திங்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் பணியாளர் பழகிவிடலாம். கிறிஸ்துமஸ் வரை பொறுக்கவில்லை மக்கள். நவம்பரில் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாளே, நெடுஞ்சாலையில் கல் தொலைவுக் கணக்கில் வண்டிகள் தேங்கி நின்றன. பின்வந்த ஆண்டுகளில், கிறிஸ்துமஸ் வார நாட்கள் சிலவற்றில், இடம் நிரம்பியது என்று வாயிலைச் சாத்த நேர்ந்ததும் உண்டு. இம்முறை அது எல்லார்க்கும் ஒரே அளவாய்ச் சாத்திய வாயில்.

பின்னர் திட்டமிடுதலே ஒரு கலையாகிவிட்டது. 1985-இல் அந்தப் பூங்காவுக்கென வெளிவந்த தனியார் கையேடு ஒன்று, வரிசையில் நில்லாமல் பகலைக் கழிக்கும் வழியை மணிவாரியாக வகுத்துத் தந்தது. நாற்பது ஆண்டுகள் பள்ளியில் கால அட்டவணை வரைந்து வாழ்ந்த எனக்கு அதைக் கண்டால் பரிவு உண்டாகிறது. 1999-இல் வந்தது, குறித்த மணிக்குத் திரும்பிவந்து விரைந்து நுழையும் சீட்டு. அதற்குக் கட்டணம் இல்லை. முந்தி வந்தவர் பெற்றனர். 2014 அளவில், அங்குள்ள விடுதியில் தங்குவோர் 60 நாட்களுக்கு முன்பும், ஏனையோர் 30 நாட்களுக்கு முன்பும், ஆட்டத்துக்கு நேரம் குறித்துக்கொள்ளலாயினர். 2021-இல் அந்த விரைவு வரிசைக்கு விலை வைத்தார்கள். நுழைவுச் சீட்டின் விலையும் 2016 முதல் நாளுக்கேற்ப வேறுபடுகிறது; கிறிஸ்துமஸ் வாரத்தில் உச்சத்தை எட்டுகிறது. சீட்டுப் புத்தகக் காலத்தில் செல்வரும் எளியவரும் ஒரே வரிசையில் வியர்த்து நின்றனர். இன்று பக்கத்து வழியே ஒரு குடும்பம் விரைந்து செல்வதைக் கண்டு, அவர்கள் மட்டும் ஏன் முன்னே போகிறார்கள் என்று கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்ல வேண்டிய கடமை தந்தைக்கு வந்திருக்கிறது.

கையிருப்புக் குறைந்தோர்க்கு ஒரு வழி மிஞ்சியுள்ளது. நவம்பர் இறுதியின் நன்றி நவிலல் கூட்டம் கலைந்தபின், பள்ளிகள் மூடுமுன், டிசம்பர் முதற்பகுதியில் சில நாட்கள் பூங்கா ஓரளவு அமைதியாக இருக்கும். விளக்குத் தோரணமும் கிறிஸ்துமஸ் மரமும் அப்போதே வந்துவிடும்; விலையும் உச்சத்தை எட்டியிராது. அதற்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான்கைந்து நாள் நிறுத்தி அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர். ஆசிரியர்கள் இதை விரும்புவதில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும் வேளையில் விடுப்புக் கடிதம் வந்தால் நானும் முகம் சுளித்தவன்தான். ஆயினும், காய்ச்சல் என்று எழுதாமல், கூட்டமில்லாத நாளில் பிள்ளைகளோடு ராட்டினம் ஏறப் போகிறோம் என்று உண்மையை எழுதிக் கையொப்பமிட்டு ஒரு தந்தை என் மேசைமேல் வைத்திருந்தால், அனுமதி என்று எழுதி, விட்டுப்போகும் பாடங்களைக் குறித்துக் கொடுத்திருப்பேன்.