சந்தாவுக்கு அப்பால்: முன்னாள் மாணவியர் சங்கங்களில் சேர்க்கையும் ஈடுபாடும்

முன்னாள் மாணவியர் சங்கத்தில் ஆள் சேரவில்லை என்ற குறை எழும்போதெல்லாம் இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. பெண்களுக்கு நேரமில்லை, இந்தத் தலைமுறைக்குக் கல்லூரிப் பற்று இல்லை. இரண்டையும் இக்கட்டுரை மறுக்கிறது. சங்கங்கள் உறுப்பினரிடம் சந்தாவையும் வருகையையும் கேட்கின்றன. அவர் கற்ற கல்வியைக் கேட்பதில்லை. சேர்க்கை தளர்வதற்கு அதுவே முதற்காரணம் என்பது என் வாதம்.

இதற்கு வலுவான வரலாற்றுச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1881 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரில் எட்டுக் கல்லூரிகளைச் சேர்ந்த 17 பட்டதாரிப் பெண்கள் கூடினார்கள். அவர்களுள் ஒருவரான மாரியன் டால்பட் அதற்கு முந்தைய ஆண்டுதான் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றிருந்தார். இன்னொருவரான எலன் ரிச்சர்ட்ஸ் வாசர் கல்லூரியிலும் பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் பயின்ற வேதியியலாளர். படித்து முடித்த பெண் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்கு அன்றைய சமூகத்திடம் விடை இருக்கவில்லை. அந்தத் தனிமைதான் அவர்களைக் கூட்டியது. 1882 ஜனவரியில் 65 பேர் சேர்ந்து கல்லூரி முன்னாள் மாணவியர் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள்.

தனிமை கூட்டிவிடும்; ஆனால் தொடர்ந்து பிடித்து வைக்காது. அவர்களைப் பிடித்து வைத்தது ஒரு வேலை. ஹார்வர்டில் மருத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க், உயர்கல்வி பெண்ணின் உடலை, குறிப்பாகத் தாய்மைக்கான ஆற்றலைக் கெடுக்கும் என்று 1873இல் ஒரு நூல் எழுதியிருந்தார். பல குடும்பங்கள் அதை நம்பின. புதிய சங்கம் கண்டனத் தீர்மானத்தோடு நிற்கவில்லை. பட்டதாரிப் பெண்களுக்கு உடல்நலம் பற்றிய வினாப்படிவம் அனுப்பியது. 705 பேர் விடை எழுதினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 1885இல் முடிவுகளை வெளியிட்டது. கல்லூரிக் கல்வியால் பெண்களின் உடல்நலம் குன்றியதாகத் தரவுகள் காட்டவில்லை.

இந்த ஆய்வின் அறிவியல் வன்மையைக் கேள்வி கேட்கலாம். தம் நலத்தைத் தாமே சொன்ன விடைகள்தானே. நம் நோக்கில் முக்கியமானது வேறு. அந்த வேலையைப் பட்டதாரிப் பெண் ஒருத்தியால் மட்டுமே செய்ய முடியும்; அவளே அதில் சான்று. வீட்டை விட்டு நகராமல், சில மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். செய்த வேலை தனக்குப் பின்வரும் பெண்களுக்குப் பயன்படும். உறுப்பினரிடம் ஒரு சங்கம் கேட்கத்தக்கது இதுதான் என்று கருதுகிறேன்.

சென்னை இராணி மேரி கல்லூரியின் அனுபவம் வேறு வகையானது. 1914இல் டாரதி டி லா ஹே முதல்வராக இருந்து தொடங்கிய கல்லூரி அது. 2003இல் அதன் கடற்கரை வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்ட அரசு முடிவெடுத்தபோது மாணவியர் போராடினார்கள். முன்னாள் மாணவியரும் துணை நின்றார்கள். திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரிப் பற்று செத்துவிடவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் ஆபத்து வரும் என்று காத்திருந்து சங்கம் நடத்த முடியாது. பற்று ஏற்கெனவே இருக்கிறது. அது அமைதிக் காலத்தில் செல்வதற்கு வழிதான் இல்லை.

அந்த வழியை அடைக்கும் முதல் தடை கல்லூரிப் பதிவேடு. சேர்க்கையின்போது எழுதியது தந்தை பெயரின் முதலெழுத்து, பெற்றோர் வீட்டு முகவரி. திருமணத்துக்குப் பின் பலருக்கு இனிஷியல் மாறுகிறது, ஊர் மாறுகிறது, கைபேசி எண்ணும் மாறுகிறது. ஆண்கள் கல்லூரிக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அலுவலகத்திலிருந்து அஞ்சல் அனுப்பித் தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள். ஒருத்தியைக் கண்டுபிடிக்க அவள் தோழியால்தான் முடியும். ஒவ்வொரு பேட்ச்சிலும் துறைக்கு ஒருவர் பொறுப்பேற்று, பழைய பெயர், இன்றைய பெயர் இரண்டையும் பதிவது முதற்பணி. வாட்ஸ்அப் குழுக்களில் வகுப்புத் தோழிகள் முன்பே கூடியிருக்கிறார்கள். சங்கம் தனித்தனி ஆளைத் தேடுவதைவிட அந்தக் குழுக்களின் அட்மின்களை அணுகுவது பலன் தரும்.

உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீடும் இங்கே கவனிக்கத்தக்கது. அதன் ஐந்தாம் அளவுகோலில் முன்னாள் மாணவர் ஈடுபாடு ஓர் உட்பிரிவாக இருந்துவந்தது. பதிவுபெற்ற சங்கமும் அதன் நிதிப் பங்களிப்பும் அங்கே பார்க்கப்பட்டுவந்தன. விளைவாக, இறுதியாண்டுக் கட்டணத்தோடு சங்கக் கட்டணத்தையும் வாங்கி எல்லாரையும் உறுப்பினராக்கிவிடும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. கேட்காமலே சேர்க்கப்பட்டவள் தன்னை உறுப்பினராக நினைப்பதில்லை. பட்டியல் நீள்கிறது, பொதுக்குழுவுக்கு வருவோர் அதே சிலர்.

யாரைச் சேர்க்கிறோம் என்ற கேள்வியும் உண்டு. பாஸ்டனில் தொடங்கிய அமைப்பு பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கமாக வளர்ந்தது. ஓபர்லின் கல்லூரியில் 1884இல் பட்டம் பெற்ற கறுப்பினத் தலைவர் மேரி சர்ச் டெரல், 1946இல் மீண்டும் உறுப்பினராக விண்ணப்பித்தபோது அதன் வாஷிங்டன் கிளை மறுத்தது. 1949இல் தேசிய அமைப்பு விதியைத் திருத்தி, பட்டம் ஒன்றே தகுதி என்றாக்கியது. நம் சங்கங்களில் அப்படி எழுதிய விலக்கு இல்லை. ஆனால் நட்சத்திர விடுதியில் விருந்து, ஆங்கிலத்தில் அழைப்பிதழ், உயர்பதவியில் இருப்போருக்கு மட்டும் பாராட்டு என்று அமையும்போது, தமிழ்வழியில் படித்துச் சிற்றூரில் ஆசிரியையாக இருப்பவளும், வேலைக்குப் போகாதவளும் தமக்கு அங்கே இடமில்லை என்று தாமே ஒதுங்கிவிடுகிறார்கள். இது எழுதிய விலக்கைவிடத் திருத்தக் கடினமானது; திருத்துவதற்கு விதியே இல்லை.

அவர்களிடம் கேட்க இன்று வேலை இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. முதல் தலைமுறையாக வருபவள் பணத்துக்கு அப்பாலும் தடுமாறுகிறாள்: பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தேறாவிட்டால் என்ன செய்வது, இரண்டாம் ஆண்டில் திருமணப் பேச்சு வந்தால் வீட்டில் எப்படிப் பேசுவது, பட்டத்துக்குப் பின் பி.எட். சேர்வதா போட்டித் தேர்வு எழுதுவதா. இவற்றையெல்லாம் கடந்து பட்டம் வாங்கிய பெண், அந்த மாணவி வாழும் ஊரிலேயே இருக்கிறாள். ஓர் உறுப்பினருக்கு ஒரு மாணவி, மாதம் ஓர் அழைப்பு, மூன்றாண்டு. இதற்குக் கட்டடமோ ஆயுள் சந்தாவோ தேவையில்லை. மாணவியின் ஊர், துறை, பயிற்றுமொழி ஆகியவற்றை உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டு இணைக்க ஒரு பொறுப்பாசிரியை போதும். இந்த ஏற்பாட்டில் சிற்றூர் ஆசிரியையின் பெயர்தான் முதலில் தேடப்படும்.