இலக்கணம் வானின்று வந்ததா?

"வீடு கட்டப்படுகிறது" என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். மாணவன் ஒருவன் 'தி ஹவுஸ் ஈஸ் பில்டிங்' என்று எழுதினான். சிவப்பு மையால் அடித்தோம். வகுப்பே சிரித்தது, அவன் தலை கவிழ்ந்தான். அன்றிரவு ஆங்கில மொழியின் வரலாற்றைப் புரட்டியபோது தலை கவிழ்ந்தவர் நாமே!

அவன் எழுதியதுதான் 18ஆம் நூற்றாண்டில் கற்றோர் எழுதிய ஆங்கிலம். இன்று நாம் கற்பிக்கும் 'ஈஸ் பீயிங் பில்ட்', அந்நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டிய புதுவரவு. மொழிக்கு நேர்ந்த கேடென்று அதனைப் பண்டிதர்கள் பழித்தனர். 1870-இல் அமெரிக்கரான ரிச்சர்டு கிராண்ட் ஒயிட் தமது நூலில் தனி அதிகாரமே ஒதுக்கி எதிர்த்தார். மக்கள் நாவு அவரைப் பொருட்படுத்தவில்லை. அன்றைய பிழை இன்றைய விதி!

விதிகளை வகுத்தோர் யார்? எதிர்காலம் குறிக்கும் 'ஷால்', 'வில்' இரண்டையும் எங்கெங்கே வைப்பது என்று 1653-இல் எழுதி வைத்தவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்போர்டில் வடிவகணிதப் பேராசிரியர்! பிறநாட்டாரும் படிக்கட்டும் என்று அவ்விலக்கணத்தை அவர் எழுதியது இலத்தீனில். 1762-இல் ராபர்ட் லவுத் என்னும் பாதிரியார் ஓர் இலக்கணம் வெளியிட்டார். பின்னாளில் இலண்டன் பிஷப்பாக உயர்ந்தவர். அவருடைய எழுதுகோலுக்கு ஷேக்ஸ்பியரும் தப்பவில்லை, மில்டனும் தப்பவில்லை. 'ஸ்போக்கன்' வரவேண்டிய இடத்தில் மில்டன் 'ஸ்போக்' என்று எழுதியது குற்றமாம்! விவிலிய மொழிபெயர்ப்பிலும் பிழை கண்டார். பாதிரியாரேயாயினும் அந்த அளவில் அஞ்சா நெஞ்சர்தான்.

நிறுத்தற்குறிகளும் மனிதர் ஆக்கியவையே. அரைப்புள்ளியைப் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் புழக்கத்துக்குக் கொணர்ந்தவர், வெனிஸ் நகரில் அச்சகம் நடத்திய ஆல்டஸ் மனூஷியஸ்.

அப்படியாயின் விதியே வேண்டாமா? வேண்டும், காரணத்தோடு வேண்டும். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், கூடுதல் நேர ஊதியம் எவ்வேலைகளுக்கு இல்லை என்று பட்டியலிட்ட சட்டத்தில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தது. 'விநியோகம்' தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொதி கட்டுவது மட்டுந்தானா என்று பொருள் இரண்டுபட்டது. பால் வண்டி ஓட்டிய தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது; 2018-இல் 50 இலட்சம் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. புள்ளியின் மதிப்பை இதைவிட எப்படிப் புரியவைப்பது?

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னோம். தேர்வுத்தாளில் இன்றைய வடிவையே எழுதவேண்டும் என்பதையும் மறைக்கவில்லை. அம்மாணவன் எழுந்தான்.

"ஐயா, நான் 1750-இல் எழுதியிருந்தால் மதிப்பெண் உண்டா?"

உண்டு என்றோம். வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை அவனும் சிரித்தான்.